ஓடிக்கொண்டே படுத்துவிடும் பழைய கப்சாய்: கோளாறைக் கையும் களவுமாகப் பிடிப்பது எப்படி

சுத்தமாக ஸ்டார்ட் ஆகாத பழைய கப்சாயைவிட (கிளட்ச் கைப்பிடி இல்லாத சின்ன மோட்டார் சைக்கிள்), ஓடி ஓடிப் படுக்கிற மோட்டார்தான் ஆளை அதிகம் படுத்தும். ஸ்டார்ட் ஆகாத வண்டி ஒரே இடத்தில் நிற்கும், மீட்டரை வைத்துக்கொண்டு நிதானமாகத் தேடலாம். இது அப்படி இல்லை. வீட்டு வாசலில் கும்மென்று உறுமும், தாமான் (குடியிருப்பு) முனையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் இழுவை குறையும், ஓரங்கட்டி ஐந்து நிமிடம் நின்றுவிட்டு மிதித்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும். போமனிடம் (மெக்கானிக்) கொண்டுபோனால் அங்கே சமத்தாக ஓடும். அவரும் பாவம், என்னத்தைப் பார்ப்பார்? பிளக்கை மாற்றுவார், கார்பரேட்டரைக் கழுவுவார், காசை வாங்கிக்கொள்வார். திரும்பி வரும் வழியிலேயே மறுபடி படுக்கும்.

இங்கே மலேசியாவில், சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயா பக்கம் (பெரியவர்களுக்கு இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான்) தோட்டத்து வீடுகளின் பின்புறத்தில் கிடந்த ஹோண்டா சி70 வண்டிகளை எடுத்துப் புதுப்பிக்கிற இளைஞர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எல்லாரும் கேட்பது இதே கேள்விதான்: “அண்ணே, வண்டி சூடானதும் இழுக்க மாட்டேங்குது, எந்தச் சாமான மாத்தணும்?” எதையும் மாற்ற வேண்டாம் தம்பி, முதலில் பிடி. வந்து வந்து போகிற கோளாறு இருக்கும்போதுதான் தெரியும், போன பிறகு எதைச் சோதித்தாலும் எல்லாம் நல்லதாகத்தான் காட்டும். அதனால் வண்டி படுக்கிற அந்த ஒரு நிமிடத்தில் என்ன செய்வது என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு கிளம்ப வேண்டும். இந்தக் கட்டுரையில் பாதி அந்த ஒரு நிமிடத்தைப் பற்றித்தான்.

நான் எடுத்துக்கொள்வது 6 வோல்ட், பாயிண்ட் (பிளக்குக்கான கரண்ட்டை வெட்டி வெட்டி விடும் சின்ன முனைகள்) வைத்த, காலால் மிதித்து ஸ்டார்ட் செய்கிற சி70. 72 சிசி, நான்கு ஸ்ட்ரோக், கிளட்ச் கைப்பிடி கிடையாது. யமஹா ஆர்எக்ஸ்இசட், ஹோண்டா இஎக்ஸ்5 வைத்திருப்பவர்களுக்குக் கடைசியில் கொஞ்சம் சொல்கிறேன், ஆனால் தேடும் முறை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

கிளம்புவதற்கு முன்

ஒரு சின்ன நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன். ஒவ்வொரு தடவை படுக்கும்போதும் இதையெல்லாம் எழுதுங்கள்: இன்ஜின் சூடா குளிரா, திராட்டல் எவ்வளவு திறந்திருந்தது, டாங்கியில் பெட்ரோல் எவ்வளவு, மழையா வெயிலா, ரோடு குண்டும் குழியுமா, விளக்கு எரிந்துகொண்டிருந்ததா, எத்தனை நிமிடம் நின்ற பிறகு சரியானது. நான்கைந்து தடவை எழுதியதும் வரிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போக ஆரம்பிக்கும். பாதி டாங்கிக்குக் கீழே இறங்கினால்தான் வருகிறது என்றால் பெட்ரோல் வரும் வழியில் தேடு. எவ்வளவு பெட்ரோல் இருந்தாலும் சூடானால்தான் வருகிறது என்றால் கண்டென்சர் (பாயிண்ட் எரியாமல் காக்கும் சின்ன உருளை), காயில் (பிளக்குக்குக் கரண்ட்டை ஏற்றிக் கொடுக்கும் சுருள்), டேப்பட் (வால்வு இடைவெளி). குழியில் விழுந்தால் வருகிறது என்றால் வயர். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, நோட்டே சொல்லிவிடும்.

திராட்டல் பிடியில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி, மூடிய நிலை, கால், அரை, முக்கால், முழுசு என்று கோடு போட்டுவிடுங்கள். “கொஞ்சம் முறுக்கினால் படுக்கிறது” என்றால் யாருக்கும் ஒன்றும் புரியாது. “முக்காலைத் தாண்டினால் படுக்கிறது” என்றால் மெயின் ஜெட் (ஜெட் என்பது கார்பரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடும் நுண்துளைத் திருகு) பக்கம் பார்க்கலாம். மூடியதிலிருந்து கால் திறப்பு வரை பைலட் ஜெட்டின் வேலை, காலிலிருந்து முக்கால் வரை ஊசி, அதற்கு மேல் மெயின் ஜெட். எல்லைகள் ஒன்றின்மேல் ஒன்று கொஞ்சம் ஏறிக்கிடக்கும், ஆனாலும் எங்கே தேடுவது என்று சொல்ல இது போதும்.

பையில் என்ன வேண்டும்: 16 மி.மீ. பிளக் ஸ்பேனர், நன்றாக வேலை செய்கிறது என்று உறுதியாகத் தெரிந்த ஒரு பிளக் (இந்த வண்டிக்கு என்ஜிகே சி7எச்எஸ்ஏ, இடைவெளி 0.6 முதல் 0.7 மி.மீ.), ஸ்குரூ டிரைவர், 10 மி.மீ. ஸ்பேனர், மூடியோடு ஒரு சின்னக் கண்ணாடிப் பாட்டில், துணி, இருபது முப்பது வெள்ளிக்குக் (ரிங்கிட்) கிடைக்கிற சாதாரண மல்டிமீட்டர். சூடான பிளக்கை வெறும் கையால் தொட்டவனுக்குத்தான் துணியின் அருமை தெரியும்.

ஓட்டிப் பார்க்க நல்ல இடம் வேண்டும். நம் பக்கம் மேடு என்று பெரிதாக எதுவும் இல்லை, அதனால் மேட்டில் ஏற்றிப் பார்க்கிற வழி நமக்குக் கிடையாது. இருக்கிறது நீளமான, நேரான தோட்டச் சாலை. 1917-இல் மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் போடப்பட்ட தென்னமரமே நம் ஊரை ஒட்டித்தான் இருக்கிறது, சாலைக்குப் பஞ்சமில்லை. தோட்டத்தில் கேட்டுக்கொண்டு உள்ளே போங்கள், குலை லாரி வருகிற நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள். ரோட்டேக்ஸ், இன்சூரன்ஸ் முடிந்துபோன வண்டியைப் பெரிய ரோட்டில் ஏற்றாதீர்கள், அதுவும் எந்த நிமிடம் படுக்கும் என்று தெரியாத வண்டியை. சமதரையில் இன்ஜினுக்குப் பாரம் கொடுக்க முழுத் திராட்டலில் தொடர்ந்து ஓட்ட வேண்டும், அல்லது பின்னால் கனமான நண்பன் ஒருவனை ஏற்றிக்கொள்ளலாம்.

படுத்த அந்த நிமிடம்

வண்டி படுக்கும்போது காதைக் கொடுங்கள். இரண்டு விதமாகப் படுக்கும். விளக்கை அணைத்த மாதிரி டக்கென்று போய், டக்கென்று திரும்பி வந்தால் பெரும்பாலும் கரண்ட். கொஞ்சம் கொஞ்சமாக இழுவை குறைந்து, திணறி, ஏறி இறங்கி, திராட்டலைக் குறைத்தால் சற்றே தேறி வந்தால் பெரும்பாலும் பெட்ரோல். “பெரும்பாலும்” என்று இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன், கவனியுங்கள். சூடான கண்டென்சர் மெதுவாகத்தான் சாகும், அது பெட்ரோல் மாதிரியே நடிக்கும். இன்னொன்று, இன்ஜின் சத்தம் ஏறுகிறது ஆனால் வேகம் ஏறவில்லை என்றால் இன்ஜினுக்கு ஒன்றுமில்லை, கிளட்ச் நழுவுகிறது.

படுத்ததும் உடனே சாவியை அணைத்து, கியர் மிதியை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஓரங்கட்டுங்கள். கப்சாயில் கிளட்ச் கைப்பிடி இல்லை, மிதியை அழுத்திப் பிடித்தால் கிளட்ச் விடுபடும். நின்றவுடன், வேறு எதையும் தொடுவதற்கு முன், பெட்ரோல் டேப்பை மூடுங்கள். இது ஏன் முக்கியம் என்றால், பெட்ரோல் தட்டுப்பாட்டால் படுத்திருந்தால் அந்த நொடியில் கார்பரேட்டர் கிண்ணம் காலியாக இருக்கும், ஆனால் நீங்கள் வண்டியைச் சாய்த்து நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, பெருமூச்சு விட்டு முடிப்பதற்குள் சொட்டுச் சொட்டாக அது நிரம்பிவிடும். அப்புறம் திறந்து பார்த்தால் கிண்ணம் நிறைந்திருக்கும், “பெட்ரோல் நன்றாக வருகிறதே” என்று நீங்கள் காயில் வாங்கப் போவீர்கள். டேப்பை மூடினால் கிண்ணத்தில் இருந்தது இருந்தபடியே நிற்கும்.

அடுத்து சீட்டைத் தூக்கி டாங்கி மூடியைத் திறங்கள், மெதுவாக, காதை அருகில் வைத்து. உஸ்ஸென்று காற்று உள்ளே இழுக்கிற சத்தம் கேட்டால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. கோளாறு கிட்டத்தட்டக் கிடைத்துவிட்டது, இருந்தாலும் மீதியையும் பாருங்கள்.

மூடியைத் திரும்பப் போட்டு இறுக்கிவிட்டு, இன்ஜின் சூடு குறைவதற்குள் பிளக்கைக் கழற்றுங்கள். நுனியைப் பாருங்கள், ஈரமா காய்ந்திருக்கிறதா? காய்ந்து வெளிறியிருந்தால் பெட்ரோல் போகவில்லை. பெட்ரோலில் நனைந்திருந்தால் பிளக்கில் நெருப்பு (பொறி) வரவில்லை, அல்லது கார்பரேட்டர் வழிகிறது. எண்ணெய் பிசுக்கோடு கருப்பாக இருந்தால் பிஸ்டன் வளையமோ வால்வு சீலோ எண்ணெயை விடுகிறது. பிறகு கையிலிருக்கும் நல்ல பிளக்கைப் பிளக் வயரின் மூடியில் செருகி, அதன் உலோகப் பகுதியை இன்ஜின் தலையில் அழுத்தி வைத்து (பிளக் ஓட்டையிலிருந்து தள்ளி, உள்ளிருந்து பெட்ரோல் ஆவி வரும்), சாவியைப் போட்டு மிதியுங்கள். நீலமாக, படக்கென்று சத்தத்தோடு பாய்ந்தால் நல்லது. மஞ்சளாக, மெலிதாக, ஒரு மிதிக்கு வந்து இரண்டு மிதிக்கு வராமல் இருந்தால் கரண்ட் பக்கம்தான் கோளாறு. ஆனால் வெளியில் நீலமாக வந்துவிட்டால் காயில் நல்லது என்று முடிவு கட்டாதீர்கள். திறந்த காற்றில் பாய்வது சுலபம், உள்ளே அழுத்தத்தில் பாய்வது கஷ்டம். இடைவெளியை 6 மி.மீ. அளவுக்கு விரித்த பழைய பிளக் ஒன்றை வைத்துக்கொண்டால் சோதனை இன்னும் கண்டிப்பாக இருக்கும்.

நெருப்பு சோதனை முடிந்து, சாவியை அணைத்துவிட்டு, கடைசியாக கார்பரேட்டர் கிண்ணத்தைப் பாட்டிலில் வடியுங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள், பெட்ரோலைக் கொட்டிவிட்டு நெருப்பு விளையாட்டு வேண்டாம். கொஞ்சமாக வந்தால் தட்டுப்பாடு. நிறைய வந்தால் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அடியில் முத்து முத்தாக உருளுகிறதா? தண்ணீர். செம்பழுப்பாக மண் மாதிரி படிகிறதா? டாங்கித் துரு.

சரி, இப்போது எந்தப் பக்கம் என்று தெரிந்துவிட்டது. இனி வீட்டுக்குப் போய்ச் செய்கிற வேலை.

பெட்ரோல் பக்கம் என்றால்

புதுப்பித்த வண்டிகளில் நான் அதிகம் பார்ப்பது மூடித் துளைதான். பெயிண்ட் அடித்தவர் மூடிக்கும் சேர்த்து அடித்திருப்பார், அல்லது புது ரப்பர் வாங்கிப் போட்டதில் துளை மறைந்திருக்கும். பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று போகாவிட்டால் டாங்கிக்குள் உறிஞ்சல் உண்டாகி ஓட்டம் நின்றுவிடும், நிறுத்தினால் கொஞ்ச நேரத்தில் எப்படியோ காற்று கசிந்து சரியாகும். பத்து பதினைந்து நிமிடம் ஓடிப் படுத்து, ஐந்து நிமிடத்தில் தேறுகிற வண்டிக்கு முதல் சந்தேகம் இது. மூடியில் வாய் வைத்து ஊதிப் பாருங்கள், காற்று போக வேண்டும். நம் ஊரில் இன்னொரு தொல்லை குளவி. தோட்டத்து வீட்டில் வருஷக்கணக்கில் கிடந்த வண்டி என்றால் வென்ட் குழாய், கார்பரேட்டர் வழிவுக் குழாய், எக்ஸோஸ் வாய் என்று ஓட்டை கண்ட இடமெல்லாம் மண் வைத்து அடைத்திருக்கும். ஃபில்டர் பெட்டிக்குள் எலி. எல்லாக் குழாயிலும் ஒரு கம்பியை விட்டுப் பார்த்துவிடுங்கள்.

பிறகு ஓட்டச் சோதனை. கார்பரேட்டருக்குப் போகும் ரப்பர் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டு, மூடியைப் போட்டபடியே ஓட விடுங்கள். ஆரம்பத்தில் வருகிற வேகத்திலேயே கடைசி வரை வர வேண்டும். முதலில் தாராளமாக வந்து போகப் போக நூலாக இளைத்தால் ஒன்று மூடி, இல்லை உள்ளே துரு மிதந்து வந்து வாயை அடைக்கிறது. மூடியைத் திறந்து மறுபடி ஓட விட்டால் இரண்டில் எது என்று தெரிந்துவிடும். இதை வெட்ட வெளியில் செய்யுங்கள், பக்கத்தில் யாரும் சிகரெட்டோடு நிற்கக்கூடாது.

இந்தப் பழைய சி70-களில் பெட்ரோல் டேப் கார்பரேட்டரோடு சேர்ந்தே வருகிறது, அதன் கீழே ஒரு சின்னக் கிண்ணம், உள்ளே சல்லடை. இந்தச் சல்லடையைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். கார்பரேட்டரைப் பளபளவென்று கழுவியிருப்பார்கள், சல்லடையில் துரு சேறு மாதிரி அப்பியிருக்கும். சல்லடையைக் கழுவினால் இரண்டு நாள் நன்றாக ஓடும், டாங்கியைச் சுத்தம் செய்யாதவரை மறுபடி அடைக்கும். டாங்கிக்குள் விளக்கடித்துப் பாருங்கள். செம்பழுப்பாக உரிந்து வந்தால் கழற்றி, வினிகர் ஊற்றி ஓரிரு நாள் ஊறவிட்டு, உள்ளே சின்ன நட்டுகளையோ சங்கிலியையோ போட்டுக் குலுக்கி, நீரில் அலசி, சோடா மாவு கரைசலால் இன்னொரு தடவை அலசி, உடனே நன்றாகக் காயவைத்துவிடுங்கள். ஈரத்தோடு ஒரு இரவு விட்டால் காலையில் புதுத் துரு தயாராக இருக்கும், நம் ஊர்க் காற்று அப்படி. அதே காரணத்துக்காகத்தான் பாதி டாங்கியோடு மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கக் கூடாது, மேலே இருக்கிற காற்றின் ஈரம் உள்ளேயே வேர்த்துத் தண்ணீராக இறங்கும்.

துருவுக்குப் பயந்து குழாயின் நடுவில் பெரிய காகித ஃபில்டர் ஒன்றை மாட்டுகிறவர்கள் உண்டு. பம்பு வைத்த காருக்கு அது சரி. இங்கே பெட்ரோல் தன் எடையால் மட்டும்தான் இறங்குகிறது, சீட்டுக்கு அடியில் இருக்கிற டாங்கிக்கு உயரமும் அதிகம் இல்லை. ஃபில்டருக்குள் ஒரு காற்றுக் குமிழி உட்கார்ந்துகொண்டால் போச்சு. போட்டே ஆக வேண்டும் என்றால் சின்னக் கம்பி வலை வைத்ததைப் போடுங்கள். குழாயையும் நீளமாக விட்டு வளைக்காதீர்கள், சூட்டில் மடிந்து நெரிந்துவிடும்.

ஜெட்டுகளை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் துளை வட்டமாகத் தெரிய வேண்டும். இரும்புக் கம்பியால் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும். வயரிலிருந்து உரித்த ஒரே ஒரு செம்பு இழை போதும். கடையில் புதிதாக வாங்கிய மலிவு கார்பரேட்டர் என்றால், “புதுசுதானே” என்று நம்பாதீர்கள், உள்ளே இருக்கிற ஜெட் உங்கள் வண்டியின் அளவுதானா என்று எண்ணைப் பாருங்கள்.

ஒரு எளிய சோதனை: முழுத் திராட்டலில் திணறும்போது சோக்கைப் பாதி அடையுங்கள். வண்டி தேறினால் பெட்ரோல் குறைவு, அல்லது எங்கோ கூடுதல் காற்று நுழைகிறது. இன்னும் மோசமானால் பெட்ரோல் அதிகம், காற்று ஃபில்டர் எண்ணெயிலோ செம்மண் தூசியிலோ ஊறிப் போயிருக்கலாம். கூடுதல் காற்று என்றால் கார்பரேட்டர் இன்ஜினோடு சேரும் இடத்து ஓ-ரிங்கும் பேக்கிங்கும்தான் முதல் சந்தேகம். குளிரில் அடைத்துக்கொண்டு சூட்டில் விடும். ஐடிலில் ஓடவிட்டு அந்த இணைப்பைச் சுற்றி கார்பரேட்டர் கிளீனரைத் துளித் துளியாக அடித்தால் இன்ஜின் சத்தம் மாறும் இடத்தில் ஓட்டை. எக்ஸோஸ் மேல் படாமல், கொஞ்சமாக.

கரண்ட் பக்கம் என்றால்

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். காலால் மிதிக்கிற 6 வோல்ட் சி70-இல் பெரும்பாலும் நெருப்புக்கும் பேட்டரிக்கும் சம்பந்தமில்லை, மேக்னெட்டுக்குள் (இன்ஜினோடு சுழலும் காந்தச் சக்கரம்) இருக்கிற சுருளே பாயிண்ட் வழியாகக் காயிலுக்குக் கரண்ட் கொடுக்கிறது. பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு மிதித்துப் பாருங்கள், ஐடிலில் ஓடினால் உங்களுடையது இந்த ரகம். “இழுவை குறையுது, புது பேட்டரி போட்டேன்” என்று தவுக்கே (முதலாளி) கடையில் காசு கொடுத்துவிட்டு வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

ஆனால் விளக்கு ஒரு நல்ல துப்புக் கொடுக்கும். 1992 முதல் இங்கே பகலிலும் மோட்டார் விளக்கைப் போட்டுத்தான் ஓட்ட வேண்டும், அதனால் எல்லாரும் விளக்கு எரிய எரியத்தான் ஓட்டுகிறோம். தோட்டச் சாலைக்குள் விளக்கை அணைத்து ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். விளக்குக்கு வேறு சுருள், நெருப்புக்கு வேறு சுருள். விளக்கை அணைத்ததும் கோளாறு குறைந்தால் இரண்டும் பங்குபோடுகிற ஒரே இடம் எர்த், அதுதான் சரியில்லை. ஹோண்டாவில் எர்த் வயர் பச்சை. புதுப்பித்த வண்டியில் சட்டத்தை மணல் அடித்து, பெயிண்ட் ஏற்றி, மினுமினுவென்று கொண்டுவந்து மாட்டியிருப்பீர்கள், காயிலும் பச்சை வயரும் அந்தப் பெயிண்ட் மேல்தான் உட்கார்ந்திருக்கும். பெயிண்டில் கரண்ட் போகாது. போல்ட்டின் மரை வழியாக ஏதோ கொஞ்சம் தொட்டுக்கொண்டு ஓடும், அதிர்ந்தால் விடும். போல்ட்டுக்கு அடியில் வெறும் இரும்பு தெரியச் சுரண்டி, இறுக்கி, மேலே கிரீஸ் பூசிவிடுங்கள். அழகு போய்விடும் என்று மனம் வராது, பரவாயில்லை, மறைவான இடம்தான்.

அடுத்து சாவிக்குப் போகும் வயர். இந்த வண்டியில் சாவி அணைப்பது என்பது நெருப்புக் கரண்ட்டை எர்த்தில் விடுவதுதான். அந்த வயரின் உறை எங்காவது உரிந்து சட்டத்தில் தொட்டாலும், சாவிக்குள் அழுக்குச் சேர்ந்தாலும், நீங்கள் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே வண்டி தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். ஐடிலில் விட்டு ஹேண்டிலை இடம் வலமாகத் திருப்புங்கள், சாவியை லேசாக ஆட்டுங்கள், வயர் கட்டைக் கையால் அசையுங்கள். சந்தேகம் வந்தால் சாவிக்குப் போகும் அந்த வயரை மட்டும் இணைப்பில் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். கோளாறு போய்விட்டால் சாவியோ வயரோதான். ஒன்று ஞாபகம், கழற்றிய பிறகு சாவியைத் திருப்பினாலும் இன்ஜின் நிற்காது. பிரேக்கைப் பிடித்துக் கியரில் போட்டு அடக்கவும் முடியாது, வேகம் குறைந்தால் கிளட்ச் தானே விட்டுவிடும். சோக்கை முழுக்க அடைத்து மூச்சுத் திணற வைத்தோ, டேப்பை மூடிக் காத்திருந்தோதான் நிறுத்த வேண்டும். கிளம்புவதற்கு முன்பே இதை வீட்டு வாசலில் செய்து பழகுங்கள்.

வயரெல்லாம் சரி, சூடானால்தான் வருகிறது என்றால் பாயிண்டும் கண்டென்சரும். மேக்னெட்டில் இருக்கிற ஜன்னல் வழியாகப் பாயிண்டைப் பார்க்கலாம். முழுக்கத் திறந்த நிலையில் இடைவெளி 0.3 முதல் 0.4 மி.மீ. இருக்க வேண்டும். இருட்டில் இன்ஜினை ஓடவிட்டு அந்த ஜன்னலில் எட்டிப் பாருங்கள். பாயிண்டின் நடுவே சின்னப் பொறி இருந்தால் சரி, பளிச் பளிச்சென்று பெரிதாக நீல நெருப்பு தெரிந்தால் கண்டென்சர் போய்விட்டது. குளிரில் சாதாரணமாகவும் பதினைந்து இருபது நிமிடத்தில் பெரிதாகவும் தெரிந்தால் இன்னும் நிச்சயம். அப்படி எரிந்த பாயிண்டின் முகத்தில் ஒரு பக்கம் குழியும் மறு பக்கம் மேடுமாக இருக்கும். நைசான அரம் போட்டுச் சமன் செய்து, பிறகு ஒரு துண்டு சுத்தமான தாளை நடுவில் வைத்து இழுங்கள். தாளில் எண்ணெய்க் கறை வந்தால், பின்னால் கிராங்க் எண்ணெய் சீல் கசிகிறது. அதை மாற்றாமல் எத்தனை பாயிண்ட் போட்டாலும் இதே கதைதான்.

கண்டென்சரை மீட்டரில் பார்த்து 0.25 மைக்ரோஃபாரட் பக்கம் காட்டினாலும் நம்பிவிடாதீர்கள், அது குளிரில் காட்டுகிற கணக்கு. ஹேர் டிரையரால் சூடாக்கிவிட்டுப் பாருங்கள். காயிலுக்கும் இதே வைத்தியம்: பிளக் மூடியைக் கழற்றிவிட்டு, வயர் நுனிக்கும் எர்த்துக்கும் நடுவே குளிரில் எத்தனை ஓம் என்று எழுதிக்கொள்ளுங்கள், சூடாக்கி மறுபடி எடுங்கள். கொஞ்சம் ஏறுவது இயல்பு. திடீரென்று எல்லை கடந்து போனாலோ எண் நிலையில்லாமல் குதித்தாலோ உள்ளே கம்பி விட்டிருக்கிறது. பிளக் மூடியைத் தனியாக அளந்துபாருங்கள், ரெசிஸ்டர் வைத்த மூடி என்றால் 5 கிலோ ஓம் பக்கம் இருக்கும். மழையில் மட்டும் படுக்கிற வண்டிக்கு, ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுப் பிளக் வயரின்மேல் தண்ணீரைத் தூவிப் பாருங்கள். விரிசல் இருந்தால் நீலமாகக் கசிவது கண்ணுக்கே தெரியும். கையால் தொடாதீர்கள்.

பாயிண்டைச் சரிசெய்த பிறகு டைமிங்கையும் பாருங்கள். மேக்னெட்டில் ‘எஃப்’ கோடு இன்ஜின் உடம்பில் இருக்கிற கோட்டோடு சேருகிற அதே நேரத்தில் பாயிண்ட் திறக்க ஆரம்பிக்க வேண்டும். இடைவெளியைக் கூட்டினால் சீக்கிரம் திறக்கும், குறைத்தால் தாமதமாகும். மேக்னெட்டைக் கழற்ற வேண்டி வந்தால் புல்லர் வாங்குங்கள் அல்லது போமனிடம் இரவல் கேளுங்கள். சுத்தியலால் தட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும், கிராங்க் நுனி நசுங்கினால் அப்புறம் இன்ஜினையே பிரிக்க வேண்டும்.

இரண்டும் சரி, ஆனாலும் படுக்கிறது

டேப்பட் இறுக்கமாக இருக்கலாம். குளிரில் 0.05 மி.மீ., இரண்டு வால்வுக்கும். மேக்னெட்டை ‘டி’ கோட்டில் வைத்து, இரண்டு ராக்கரும் (வால்வை அழுத்தும் கை) ஆடுகிறதா என்று பார்த்துவிட்டு ஃபீலர் கேஜை நுழையுங்கள். ஆடாவிட்டால் இன்னும் ஒரு முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும். இடைவெளியே இல்லாமல் இறுக்கி வைத்தால் சத்தமில்லாமல் அழகாக ஓடும், சூடானதும் வால்வு முழுசாக மூடாது, கம்ப்ரஷன் போகும். சத்தம் குறைந்ததே என்று சந்தோஷப்படுகிறவர்கள் கவனிக்கவும்.

புதிதாக போர் போட்ட (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கிய) இன்ஜின் என்றால் பிஸ்டன் இறுக்கமாக இருந்து சூட்டில் பிடிக்கலாம். படுத்ததும் உடனே மிதித்துப் பாருங்கள், வழக்கத்தைவிட மிதி கனத்தால் அது. முழுத் திராட்டலை அன்றோடு நிறுத்திவிட்டு எண்ணெயைப் பாருங்கள், இதற்குக் கிட்டத்தட்ட 0.8 லிட்டர் பிடிக்கும். பின் பிரேக் ஒட்டிக்கொண்டு இழுப்பதும் இன்ஜின் கோளாறு மாதிரியே தெரியும், நிறுத்தியதும் டிரம் பக்கம் கையைக் கொண்டுபோனால் சூடு சொல்லும்.

கிளட்ச் நழுவினால் முதலில் என்ன எண்ணெய் ஊற்றினீர்கள் என்று பாருங்கள். கார் எண்ணெய் சில இந்த மாதிரி எண்ணெயில் ஊறும் கிளட்ச்சுக்கு ஆகாது, டப்பாவில் ஜாசோ எம்ஏ என்று போட்டிருக்க வேண்டும். பிறகு வலப்பக்க மூடியில் இருக்கிற நட்டைத் தளர்த்தி, நடு ஸ்குரூவை ஒரு சுற்று வலமாகத் திருப்பி, அப்புறம் மெதுவாக இடமாகத் திருப்பிக்கொண்டே வாருங்கள். லேசாகத் தடுக்கும் இடத்தில் நிறுத்தி, அரைக்கால் சுற்று வலமாக விட்டு நட்டை இறுக்குங்கள்.

ஆர்எக்ஸ்இசட் மாதிரி இரண்டு ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்கள் இந்தப் பட்டியலில் டேப்பட்டை அடித்துவிட்டு, எக்ஸோஸுக்குள் கரி அடைப்பையும் கிராங்க் சீலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இஎக்ஸ்5-இல் பாயிண்டும் கண்டென்சரும் கிடையாது, அந்த வேலையை சிடிஐ என்கிற மின்னணுப் பெட்டி செய்கிறது. அதில் பல்சர் சுருளை (நெருப்பு எப்போது என்று சிடிஐக்குச் சைகை கொடுப்பது) சூட்டில் அளந்து பாருங்கள், சிடிஐ பெட்டியை ஓடுகிற நண்பனின் வண்டியிலிருந்து கழற்றி மாட்டிப் பார்ப்பதுதான் நம்பகமான சோதனை.

சரியானது என்று எப்போது சொல்வது

ஒரு நேரத்தில் ஒரு சாமானைத்தான் மாற்ற வேண்டும். பிளக், காயில், கண்டென்சர் மூன்றையும் ஒரே மாலையில் மாற்றினால் வண்டி ஓடும், ஆனால் எதனால் ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியாது. புதுச் சாமானையும் சும்மா நம்ப முடியாது. இந்த வகை வண்டி (ஹோண்டா சூப்பர் கப்) 1958-இல் வந்தது, 2017-இல் உலகம் முழுக்கப் பத்துக் கோடியைத் தாண்டியது, அதனால் சாமான் எங்கும் கிடைக்கும், ஒரே பெட்டியில் நல்லதும் வரும், இரண்டே வாரத்தில் சாகிற கண்டென்சரும் வரும். பழைய ஒரிஜினலைத் தூக்கிப் போடாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

மாற்றிய பிறகு நோட்டில் எழுதிய அதே நிலையில் ஓட்டுங்கள், அதே சூடு, அதே பாரம், அதே அளவு பெட்ரோல். வழக்கமாகப் படுக்கிற தூரத்தைப்போல மூன்று மடங்கு ஓடியும் படுக்கவில்லை என்றால், இன்னும் ஒரு வேலை பாக்கி. கழற்றிய பழைய சாமானைத் திரும்ப மாட்டி ஓட்டுங்கள். மறுபடி படுத்தால் கோளாறு அதில்தான், சந்தேகமே வேண்டாம். படுக்கவில்லை என்றால் சாமானைக் கழற்றி மாட்டியதில் ஏதோ ஒரு இணைப்பு இறுகியதால்தான் தேறியிருக்கிறது, அந்த இணைப்பைத் தேடுங்கள். கெட்டது என்று உறுதியான கண்டென்சரின் வயரை வெட்டிவிட்டுக் குப்பையில் போடுங்கள், டப்பாவில் கிடந்தால் அடுத்த வண்டிக்கு யாராவது எடுத்து மாட்டுவார்கள்.